ஸ்லோவாக்கியாவில் விழுந்த செம்பனைக் குலை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். சிரம்பானில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு நீலாய் வீட்டுக்குத் திரும்பினேன். கதவு திறந்திருந்தது. கூடத்தில் என் மனைவியின் சிரிப்பு. கூடவே ஓர் ஆணின் குரல்.

செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“அவன் சாக எவ்வளவு நேரம் ஆகும்?” என்று அந்த ஆண் ஆங்கிலத்தில் கேட்கிறான்.

“ரொம்ப நேரமெல்லாம் ஆகாது” என்கிறாள் என் மனைவி. பருப்பு வேக எவ்வளவு நேரம் என்று யாரோ கேட்ட மாதிரி அவ்வளவு நிதானம். “தலையில் விழுந்தால் அவ்வளவுதான். கத்தக்கூட மாட்டான்.”

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? போலீஸுக்குப் போன் போட்டிருப்பீர்கள். நான் போடவில்லை. சில வாரங்களாக எங்கள் வீட்டில் இதே பேச்சுத்தான். ஆளை எதால் கொல்வது, எப்படிக் கொல்வது, அதை ஸ்லோவாக் மொழியில் எப்படிச் சொல்வது...

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கோமதி ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மற்ற ஆசிரியைகள் என்ன செய்கிறார்கள்? யோகா வகுப்புக்குப் போகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். இவள் ஆங்கிலத்தில் ஒரு கொலைக் கதை எழுதினாள். ஒன்றே ஒன்று. ஏதோ ஓர் இணைய இதழ் அதை வெளியிட்டது. அங்கிருந்து அதை ஸ்லோவாக்கியாவில் இருக்கும் மிலான் என்ற மொழிபெயர்ப்பாளர் கண்டுபிடித்துவிட்டார். ஆசியக் குற்றக் கதைகள் என்று ஒரு தொகுப்பு போடுகிறார்களாம். அதில் கோமதியின் கதையும் வருகிறது. கூடத்தில் போன் வழியாகக் கேட்ட ஆண் குரல் அவருடையதுதான்.

எழுதியது ஒரே கதை. அது ஸ்லோவாக் மொழிக்குப் போகிறது.

நான் எத்தனை காலமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். என் எழுத்து மலாய்க்குக்கூடப் போனதில்லை. ஒரு முறை கெமாஸில் ஒரு கல்யாண வீட்டில் ஒருவர், “சார், உங்க பத்திய மலாய்ல போடணும் சார்” என்று உருக்கமாகச் சொல்லி என் நம்பரை வாங்கிப் போனார். மறுநாளே போன் செய்தார். காப்புறுதித் திட்டம் ஒன்றைப் பற்றி விளக்கினார்.

பொறாமையா என்று கேட்கிறீர்களா? ஆமாம், பொறாமைதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

வெளியாள் ஒருவன் ஜெயித்தால் நமக்கு வசதி. மேடையில் கைகொடுத்துப் பாராட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவனைத் திட்டிக்கொள்ளலாம். ஜெயித்தவளே மனைவியாக இருந்தால்? எங்கே போய் யாரிடம் திட்டுவது?

சரி, கதைக்கு வருகிறேன். கோமதி முதல் நாளே பிரதி எடுத்து என் கையில் கொடுத்தாள். “வாசிக்கிறேன்” என்று வாங்கி ஐஸ்பெட்டி மேல் வைத்தேன். வாசிக்கத்தான் இருந்தேன். அதற்குள் மிலான் வந்துவிட்டார். இனிமேல் அதை எடுத்து வாசித்தால் என்ன அர்த்தம்? வெள்ளைக்காரன் சொன்ன பிறகுதான் மனைவியின் கதை கண்ணுக்குத் தெரிந்தது என்று அர்த்தம். தன்மானம் என்று ஒன்று இருக்கிறதே... பிரதி ஐஸ்பெட்டி மேலேயே கிடந்தது.

ஆனாலும் காது சும்மா இருக்குமா? அவர்கள் பேசியதிலிருந்து கதையை ஓரளவு பொறுக்கிவிட்டேன். பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டம். ஒருவன் நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டுகிறான். கீழே ஓர் ஆள் நிற்கிறார். குலை அவர் தலைமேல் விழுகிறது. விபத்து என்று எல்லாரும் நினைக்கிறார்கள். விபத்து இல்லை. செத்தவர் யார் என்பது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ‘விக்டிம்’, ‘விக்டிம்’ என்றே இருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

மிலானின் சிக்கல் வேறு. ‘மர்டர் வெப்பன்’ என்று கோமதி எழுதியிருக்கிறாள். அதை அவர் மொழியில் எப்படிப் போடுவது? ஆயுதம் என்றால் ‘ஸ்பரான்’ என்று ஒரு சொல் இருக்கிறதாம். அது துப்பாக்கி, வாள் மாதிரி. கருவி என்றால் ‘நாஸ்த்ரோய்’. அது சுத்தியல், ரம்பம் மாதிரி. செம்பனைக் குலை இந்த இரண்டில் எதில் சேரும்?

“அது பழம்தானே மேடம்? பழத்தால் அடித்துக் கொன்றான் என்று நான் எழுதினால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். அவர்களுக்குப் பழம் என்றால் ஆப்பிள்.”

கோமதி பொறுமையாக விளக்கினாள். அரிசி மூட்டை கனம் இருக்கும், உடம்பெல்லாம் முள் இருக்கும், பனை உயரத்திலிருந்து வரும். அதைக் கேட்டதும் மிலானுக்கு அடுத்த சந்தேகம். கதையில் டாக்டர், ‘பிளன்ட் இன்ஸ்ட்ருமென்ட்’ பட்டுச் செத்தார் என்கிறாரே. மொக்கையான பொருள் என்று அதற்கு அர்த்தம். முள் இருப்பது எப்படி மொக்கையாகும்? அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. ‘தன் கையாலேயே கொன்றான்’ என்று ஒரு வரி வருகிறது. கை அந்த ஆளைத் தொடவே இல்லையே, கை எவ்வளவோ தூரத்தில் அல்லவா இருந்தது?

அதைவிடப் பெரிய கூத்து, போலீஸ் தேடும்போது கொலை செய்த குலை அங்கே இல்லை. மற்ற குலைகளோடு லாரியில் ஏறி ஆலைக்குப் போய் எண்ணெயாகிவிட்டது. யார் வீட்டிலோ அதில் பூரி பொரித்திருப்பார்கள். இதைக் கேட்டு மிலான் அரைமணி நேரம் அதிசயித்தார்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. “பேசாம கடப்பாரைன்னு போட்டுக்கச் சொல்லு. வேல முடிஞ்சிரும்” என்றேன்.

கோமதி திரும்பிப் பார்த்தாள். “என்னாங்க, கத மாறிப் போயிரும்லா.”

நான் எழுந்து போய் எனக்கு நானே கோப்பி கலக்கிக்கொண்டேன்.

கோமதி சமைக்கும்போதுகூட ‘ஸ்பரான்... நாஸ்த்ரோய்...’ என்று முணுமுணுக்க ஆரம்பித்தாள். மிலான் கூப்பிடும் நேரம் வந்தால் முகம் கழுவிப் புதுப் பொட்டு. பிள்ளைகள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த நீலச் சுரிதார். எனக்கு எதிரே உட்காரும்போது மட்டும் அதே பழைய நைட்டி. மிலான் எதைக் கேட்டாலும், “வெரி குட் குவஸ்டியன், மிலான்” என்பாள். கல்யாணமான நாளிலிருந்து நானும் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். ஒன்றுகூட நல்ல கேள்வி இல்லையா?

வியாழக்கிழமை புது யோசனை. குலை வெட்டுவதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் சொல் கிடைக்கும் என்றார் மிலான். கோமதியின் தம்பி ராமுவுக்குக் கோலா பிலாவைத் தாண்டிக் கொஞ்சம் செம்பனை நிலம் இருக்கிறது. அங்கே போய் வீடியோவில் காட்டுவதாகக் கோமதி சொல்லிவிட்டாள். என்னைக் கேட்காமலே.

“பஸ்லயா போவ? நான் காடி ஓட்டுறேன்” என்றேன். பெருந்தன்மை இல்லை. அந்த ஆளின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் சிரம்பானில் ஜவுளிக்கடைக்கு மேலே பிறந்து வளர்ந்தவன். செம்பனை என்றால் எனக்கு ரோட்டோரம் ஓடும் பச்சைதான். கோமதி எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா குலை வெட்ட, அம்மா கீழே உதிரிப்பழம் பொறுக்க, அந்த வரும்படியில் படித்தவள். புக்கிட் பூத்துஸ் மேடு ஏறும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதோ பரீட்சைக்குப் போகிற மாதிரி கையைக் கையை உரசிக்கொண்டு வந்தாள். இந்தச் சொல் சரியாக அமையாவிட்டால் தன் கதை அங்கே வெறும் விபத்துக் கதையாகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

எனக்கு அங்கே ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

திரையில் மிலான் வந்தார். ஒல்லியான ஆள். கண்ணாடி. கழுத்து வரை கம்பளிச் சட்டை. முன்நெற்றியில் முடி இல்லை. நான் பயந்த அளவுக்கு அழகன் இல்லை. அதுவும் ஒரு மாதிரி ஏமாற்றமாகத்தான் இருந்தது. இந்த ஆளுக்கா நீலச் சுரிதார்?

ராமு கம்பைத் தூக்கினார். அரிவாள் ஓலைக்குள் போய்க் காம்பைப் பிடித்தது. அப்போது அவர் அண்ணாந்து பார்த்தபடியே ஒரு குரல் கொடுத்தார்.

“ஒதுங்கேய்ய்ய்...”

நாங்கள் எங்கேயோ தள்ளி நிற்கிறோம். மரத்தடியில் ஒரு கோழிகூட இல்லை. ஒரே இழுப்பு. குலை வந்து விழுந்தது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. சிவப்புப் பழங்கள் நாலா பக்கமும் தெறித்து ஓடின. நான் போனோடு ஓரடி பின்வாங்கினேன்.

“என்ன சொல்லிக் கத்தினார்? அங்கே யாரும் இல்லையே?” என்றார் மிலான்.

கோமதி தம்பியைக் கேட்டாள். ராமு சிரித்தார். “ஆளு இருந்தாலும் இல்லாட்டியும் சொல்லிருவோம்லா. அப்பா பழக்கிவிட்டது. சொல்லாம இழுன்னு சொன்னா எனக்குக் கை வராதுக்கா.”

கோமதி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஒதுங்கு என்றால் விலகிப் போ என்று அர்த்தம். கீழே பழம் பொறுக்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வெட்டுகிறவனின் பெண்டாட்டி. அவள் குனிந்தே இருப்பாள், மேலே பார்க்க மாட்டாள். அந்தக் குரலை நம்பித்தான் அவள் தலை இருக்கிறது என்றாள்.

மிலான் அதை எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“உங்கள் கதையில் அவன் இதைச் சொல்லவில்லை.”

“சொல்லவில்லை.”

“தினமும் சொல்கிறவன். அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டான்.”

“ஆமாம்.”

“அப்படியென்றால் கொன்றது அரிவாளும் இல்லை, பழமும் இல்லை” என்றார் மிலான். “ஆயுதம், கருவி என்று இத்தனை நாள் நான் தவறான பெட்டியில் தேடியிருக்கிறேன். எங்களிடம் இன்னொரு சொல் இருக்கிறது மேடம். ‘ப்ரோஸ்த்ரியெடோக்’. ஒரு காரியத்தை எதைக் கொண்டு முடிக்கிறோமோ அது. அது கையில் இருக்க வேண்டிய பொருள் இல்லை. பேசாமல் இருப்பதுகூட அதில் அடங்கும்.”

 கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கவும் இல்லை, சிரித்துக்கொண்டே நின்றாள். தான் நினைத்தது அப்படியே இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட சந்தோஷம். ராமுகூட அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

எனக்கு வயிறு எரிந்தது. எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும், சொல்லுங்கள்? இத்தனை வருஷம் எழுதி, எனக்கு இப்படி ஒரு வாசகன் கிடைத்ததில்லை. அது ஒரு பக்கம். அவளுக்கு இப்படி ஒரு வாசகனாக நானே இருந்திருக்கலாம். அது இன்னொரு பக்கம். இரண்டையும் சுமந்துகொண்டு நான் போனைப் பிடித்தபடி நின்றேன். அதைத் தூக்கிக் கால்வாயில் போட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

கிளம்பும் நேரத்தில் மிலான் என்னைக் கூப்பிட்டார். “சார், உங்களுக்குப் பெரிய மனசு. கதையில் கணவனுக்கு நேர்வதைப் பார்த்தால், எங்கள் ஊர்க் கணவன்மார்கள் கோபித்துக்கொண்டிருப்பார்கள்.”

“எழுத்தாளன் வீட்டில் இதெல்லாம் சகஜம்” என்றேன். 

கணவனுக்கு நேர்வதா?

புரிந்துவிட்டது. மரத்தடியில் நின்றவன் நான்தான். கோமதி என்னைத்தான் கொன்றிருக்கிறாள்.

திரும்பி வரும்போது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் தன் புருஷனைக் கொல்ல எவ்வளவு தூரம் சிந்தித்திருக்கிறாள்! எந்த மரம், எவ்வளவு கனம், எங்கே நிற்க வைப்பது... ஒரு கண்டம் தாண்டி ஒரு மனிதன் என் சாவுக்குச் சரியான சொல் தேடி வாரக்கணக்கில் தூங்காமல் இருந்திருக்கிறான். நான் இந்தப் பெண்ணின் மனசில் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறேனா? எனக்குப் பாட்டுக்கூட வந்தது. கொலையானவன் யாரும் அவ்வளவு உற்சாகமாகக் கார் ஓட்டியிருக்க மாட்டான்.

சாயங்காலம் கோமதி பக்கத்து வீட்டுக்காரியோடு பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குப் போனாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் ஐஸ்பெட்டிப் பக்கம் போனேன். பிஸ்கட் டின்னுக்கு அடியில் பிரதி கிடந்தது. தூசி தட்டி உட்கார்ந்தேன்.

செத்தது நான் இல்லை.

ஒரு மண்டோர். தோட்டத்தில் வேலை வாங்கும் ஆள். முதல் பக்கமும் இரண்டாம் பக்கத்தில் பாதியும் அவரேதான். வெள்ளைச் சட்டை. அக்குளில் மடித்த குடை. நடக்கும்போது மெல்ல விசில் அடிப்பார். சேற்றில் நடந்தாலும் அவர் கால்சட்டையில் சேறு படாதாம். கீழே உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு விதவை, அவர் வரும் நேரம் தெரிந்து கூந்தலைச் சரிசெய்துகொள்வாளாம். அதை மேலே பார்த்தபடியே கவனித்துக்கொண்டிருக்கிறான் குலை வெட்டுகிறவன். அவனுக்கு அவள்மேல் ஆசை. அவள் அவனை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை.

இரண்டாம் பக்கம் முடிவதற்குள் நான் முழுக்க முழுக்கக் கொலைகாரன் கட்சிக்கு மாறிவிட்டேன். இழுடா என்று உள்ளுக்குள் சொன்னேன். அவன் வாயை மூடிக்கொண்ட இடத்தில் நானும் மூடிக்கொண்டேன். குலை விழுந்தபோது எனக்குப் பரம திருப்தி.

கதை நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

சரி, கணவன் எங்கே? முன்னும் பின்னும் புரட்டினேன். விதவை என்றால் ஒரு கணவன் செத்திருக்க வேண்டுமே. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் அகப்பட்டான். ‘அவள் கணவன் சில வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு காய்ச்சலில் இறந்துபோனான்.’ அவ்வளவுதான். ஒரே வரி. அடுத்த வரியில் அவள் மல்லிகைச் செடி வளர்க்கிறாள். அந்தச் செடிக்கு நாலு வரி.

மண்டோருக்கு அரிவாள், குலை, மௌனம், போலீஸ், டாக்டர், ஆலை வரைக்கும் ஏற்பாடு. எனக்கு ஏதோ ஒரு காய்ச்சல்!

கோமதி ஆப்பம் பாலேக்கும் ஒரு பொட்டலம் கச்சான் கடலையும் வாங்கி வந்தாள். நான் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“யாரு அந்த மண்டோர்?”

“கதைலா.”

“வெள்ளச் சட்ட, கொட... நேர்ல பாத்த மாதிரி எழுதியிருக்க.”

“எங்க எஸ்டேட்ல மூணு நாலு மண்டோர் இருந்தாங்க. எல்லாத்தையும் ஒன்னாச் சேத்து ஒரு ஆளாக்கிட்டேன்.”

“விசிலு?”

“விசிலு நான் போட்டது.” அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “படிச்சிட்டீங்களா? எப்படி இருந்துச்சி?”

இதைக் கேட்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? மிலானிடம் பேசும்போது இருக்கும் தைரியம் அதில் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாராட்டியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் உள்ளே எரிகிறவன் வாயில் எது முதலில் வரும்?

“அந்தப் புருஷன ஏன் காய்ச்சல்ல சாவடிச்ச?”

கோமதி கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே யோசித்தாள். “கதைக்கு அவ விதவையா இருக்கணும். புருஷன்னு எழுத ஆரம்பிச்சா ஒங்க மூஞ்சிதான் வருது. வெட்டிக் கிட்டிக் கொல்ல எனக்கு மனசு வரலங்க. அதான் காய்ச்சலோட விட்டுட்டேன்.”

நெஞ்சு குளிர்ந்துபோனது. இதுவும் ஒரு பிரியம்தானே? மண்டோரைக் கொல்ல அவளுக்கு மனசு வந்தது. என்னைக் கொல்ல வரவில்லை. கதை ரொம்ப நல்லாருக்கு கோமதி என்று சொல்லிவிட்டேன். நிஜமாகவே சொன்னேன். கடைசிப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. ஸ்லோவாக்கியாவை மன்னித்துவிடலாம் என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அப்போது அவள் போன் ஒலித்தது. மிலானிடமிருந்து கடைசிச் சந்தேகம். கோமதி வாய்விட்டு வாசித்தாள்: ‘கணவன் இறந்தது என்ன காய்ச்சலில், மேடம்? எங்கள் மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருக்கிறது. எதைப் போட?’

வெரி குட் குவஸ்டியன் என்று எனக்குத் தோன்றியது. மிலான்மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். மலேரியாவா? டெங்கியா? டைபாய்டா? எதுவானாலும் சரி, ஒரு பெயர் கிடைக்கப் போகிறது.

ஒரு கை கடலையில். இன்னொரு கையின் கட்டைவிரலால் ஒரு நொடியில் பதில் தட்டி அனுப்பிவிட்டாள்.

“என்னா போட்ட?”

“எதாச்சும் ஒன்னு போட்டுக்குங்கன்னு சொல்லிட்டேன்” என்றாள், கடலையை மென்றுகொண்டே.

ஸ்லோவாக்கியாவில் நான் என்ன காய்ச்சலில் செத்தேன் என்று எனக்கு இன்னும் தெரியாது... அந்த மொழி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.